சூரிய வெப்பத்தால் உப்புநீர் குடிநீரான வரலாறு
சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், லாஸ் சலினாஸ் என்னுமிடத்தில் 1872-ஆம் ஆண்டு சார்லஸ் வில்சன் என்ற பொறியாளர் சூரிய வடிகலன் நிலையம் ஒன்றை அமைத்தார். வெடியுப்புச் சுரங்கத்தில் பாரம் இழுத்த கோவேறு கழுதைகளுக்கு அங்கே கிடைத்தது உப்புநீர்தான். 4,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கண்ணாடிக் கூரையின்கீழ் அந்நீர் ஆவியாகி, கண்ணாடியில் படிந்து, நாள்தோறும் 20,000 லிட்டருக்கு மேல் நன்னீராக வழிந்தது. சதுர மீட்டருக்குச் சுமார் ஐந்து லிட்டர்! ஆவி குளிரும்போது வெளிவிடும் வெப்பம் கண்ணாடி வழியே வீணானதே இதற்கு முக்கியக் காரணம்.

சவ்வுவழி வடித்தல் முறைக்கு அமெரிக்காவில் 1963-இல் புரூஸ் போடெல் காப்புரிமை கோரினார். தாமரை இலைபோல் நீர் ஒட்டாத நுண்துளைச் சவ்வு, ஆவியை மட்டும் கடக்கவிடும். தக்கபடி அமைத்தால், மறுபுறம் ஆவி நீராகும்போது விடும் வெப்பமே உள்ளே வரும் உப்புநீரைச் சூடாக்கும். நீர் கொதிக்க வேண்டியதில்லை. 60 முதல் 80 பாகை செல்சியசு போதும். அச்சூட்டைச் சாதாரணச் சூரிய வெப்பத் தகடுகளே தரும்.