குசினிக்குள் வந்த சீனம்: கண்டியை முன்வைத்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

நோன்பு மாதத்தில் கண்டிப் பிரதேசத்து முஸ்லிம் வீடொன்றின் இஃப்தார் விரிப்பில் சீனத்தின் பெயர் தாங்கிய பண்டங்கள் குறைந்தது மூன்றாவது இருக்கும். கஞ்சிக்குப் பக்கத்தில் வைக்கப்படும் சைனீஸ் றோல்ஸ் ஒன்று. கடைகளில் சைனா கிராஸ் என்று விற்கப்படும் கடற்பாசி மற்றொன்று. மூன்றாவது சீனி. இவற்றோடு தேத்தண்ணீரையும் சேர்த்தால் கணக்கு நான்காகிறது. ஆயினும் இவற்றைச் சீன உணவு என்று நாம் எவரும் நினைப்பதில்லை. இவையெல்லாம் நமது உணவு. ஒரு பண்டம் பெயரில் அந்நியத்தைச் சுமந்துகொண்டே உரிமையில் நமதாகிவிடுகிற இந்த விந்தையைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுடையது.

சொற்களிலிருந்தே தொடங்கலாம். கித்துள் கருப்பட்டியும் பனங்கட்டியும் வழங்கிய நாட்டில் வெள்ளைச் சர்க்கரைக்குச் சீனத்தின் பெயரால் சீனி என்ற பெயர் நிலைத்தது. சீனிச் சம்பல் என்று சொல்லும்போது அந்தத் தூர தேசம் நம் நினைவுக்கு வருவதே இல்லை. தமிழகத்தின் தென்மாவட்டங்களில் இரும்பு வாணலியைச் சீனச்சட்டி என்பர்; நமது வீடுகளில் அது தாச்சி. தேயிலை என்னும் சொல்லின் முற்பகுதியான ‘தே’ தென்சீனத்துப் பூஜியன் கரையோர மக்களின் உச்சரிப்பிலிருந்து பிறந்தது. சாயா என்பதிலுள்ள ‘சா’ சீனத்தின் ஏனைய பகுதிகளின் உச்சரிப்பு. தேத்தண்ணீர் கேட்பவரும் சாயா கேட்பவரும் தம்மை அறியாமலே ஒரே நாட்டின் இரண்டு துறைமுகங்களை நினைவூட்டுகின்றனர்.

அந்தப் பூஜியன் கரையில்தான் அரபுக்கள் ஸைத்தூன் என்றழைத்த சுவான்சூ துறைமுகம் இருந்தது. முஸ்லிம் வணிகர் தமக்கெனத் தனி வட்டாரமும் பள்ளிவாசலும் அமைத்து வாழ்ந்த நகரம் அது. 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்றும் அங்கேதான் கிடைத்தது. தமிழும் இஸ்லாமும் சீனத்தைச் சந்தித்த இடம் ஒன்றே என்பது நம் கவனத்துக்குரியது.

இரு பயணிகள்

1344இல் இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலையேறிய இப்னு பதூதா, அதன் பின்னர் சீனம் சென்றார். அங்குள்ள பீங்கானையும் பட்டையும் கைவினைஞரின் திறனையும் வியந்து எழுதினார். அங்கத்தைய கோழி நம்மூர் வாத்தையும் விஞ்சும் அளவினது என்றும், வாங்கிய கோழி ஒரு பாத்திரத்தில் அடங்காமையால் இரண்டு பாத்திரங்களில் சமைக்க நேர்ந்தது என்றும் அவர் கூறுகிறார். பன்றியும் நாயும் சந்தையில் விற்கப்படுவதையும் குறிப்பிடுகிறார். அந்நாட்டின் சிறப்புகளையெல்லாம் ஏற்றுக்கொண்டும் அவரது மனம் அங்கு ஒட்டவில்லை. முஸ்லிம்களைக் காணும்போது மட்டும் சொந்த பந்துக்களைக் கண்டதுபோல் மகிழ்ந்தார்.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகளின் பின் எதிர்த் திசையிலிருந்து ஒருவர் வந்தார். மா ஹுவான் என்ற அவரும் முஸ்லிமே. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் பயணங்களில் மொழிபெயர்ப்பாளராகக் கலந்துகொண்டவர். இலங்கையைப் பற்றி அவர் எழுதியவற்றில் உணவைப் பற்றிய குறிப்புகளும் உள்ளன. இங்கு நெல்லும் எள்ளும் பயறும் உண்டு, கோதுமை இல்லை. பாலும் நெய்யும் இல்லாமல் இம்மக்கள் உண்பதில்லை. பிறர் காணாதபடி மறைவிலிருந்தே உண்பர். வெற்றிலையும் பாக்கும் வாயை விட்டு நீங்குவதில்லை. தேங்காயிலிருந்து எண்ணெயும் சர்க்கரையும் கள்ளும் எடுப்பர் என்றெல்லாம் பதிவு செய்துள்ளார். வந்தவன் இன்னொருவனின் அடுக்களையை எட்டிப் பார்த்து வியப்பதும் முகம் சுழிப்பதும் இரு பக்கமும் நடந்திருக்கின்றன.

செங் ஹோ யுன்னான் மாநிலத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அவரது தந்தை ஹாஜி என்று அறியப்பட்டவர். 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டு அவர் கொண்டுவந்த கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளும் உள்ளன. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெய்வேந்திரமுனையின் தெனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தும் காணிக்கைகளைச் சொல்கின்றன. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய் என்று நீளும் அப்பட்டியலில் மூன்று தரப்பும் ஏறக்குறைய சமமாகவே நடத்தப்படுகின்றன. 1911இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்த நிலையில் கண்டெடுக்கப்பட்ட இக்கல் கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது.

ஆனால் இந்த உறவு பரிசோடு முடியவில்லை. கம்பளை இராசதானியில் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்த அழகக்கோனார் குடும்பத்தின் வீர அழகேஸ்வரரை 1411இல் செங் ஹோவின் படை சிறைபிடித்துச் சீனத்துக்குக் கொண்டு சென்றது. கண்டிக்கு அருகிலுள்ள கம்பளையின் வரலாற்றில் சீனம் இவ்வாறு வாளோடும் நுழைந்திருக்கிறது.

மலைநாட்டின் தேநீர்

மலைநாட்டில் சீனம் நிலையாக வேரூன்றியது ஒரு செடியின் மூலமாகவே. 1839இல் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு அசாம் தேயிலைக் கன்றுகள் வந்தன. 1841இல் மொரிஸ் வேர்ம்ஸ் என்பவர் சீனத்திலிருந்து கொண்டுவந்த கன்றுகளைப் புஸ்ஸல்லாவையிலுள்ள றொத்சைல்ட் தோட்டத்தில் நட்டார். அக்காலத்தில் கோப்பியே அரசாண்டமையால் அம்முயற்சி வளரவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியைச் சில ஆண்டுகளில் அழித்தபோது தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பில் மலைகள் பசுமையாயின. தோட்டத் தொழிலாளியின் லயத்திலும் அக்குறணை வியாபாரியின் கடையிலும் தலதா வீதி ஹோட்டல்களிலும் ஒரே பிளேன்டி ஆவி பறந்தது.

கூப்பன் அரிசி

தேநீருக்கு அடுத்து சோறு. 1952 டிசம்பர் 18இல் கைச்சாத்தான இறப்பர்–அரிசி ஒப்பந்தத்தைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அதன் பின்னணி கடுமையானது. உலகச் சந்தையில் அரிசிக்குத் தட்டுப்பாடு; கொரிய யுத்தகால ஏற்றம் தணிந்து இறப்பர் விலை வீழ்ந்திருந்த வேளை. இரு நாடுகளுக்கும் இடையில் அப்போது இராசதந்திர உறவுகூட இல்லை; அது 1957இலேயே ஏற்பட்டது. எனினும் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கா பீக்கிங் சென்று ஒப்பமிட்டார். ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி பெறுவது என்பது ஏற்பாடு. அமெரிக்க உதவியை இழக்க நேர்ந்தும் இலங்கை பின்வாங்கவில்லை. அடுத்த ஆண்டே, 1953 ஓகஸ்ட் 12இல், கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டமைக்கு எதிரான ஹர்த்தால் நாட்டையே உலுக்கியது என்பதை நோக்கினால் அன்று அரிசி எவ்வளவு பெரிய அரசியல் என்பது புரியும்.

இந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டுப் பல்லாண்டுகள் தொடர்ந்தது. அந்தக் காலப்பகுதிக்குள்ளேதான் 1959 முதல் 1961 வரையான பெரும் பஞ்சத்தில் சீனத்தில் கோடிக்கணக்கான மக்கள் மாண்டனர். நட்புறவின் நினைவுக் கூட்டங்களில் இவ்விரண்டையும் சேர்த்துப் பேசுவார் இல்லை. அரிசியின் வரலாற்றை எழுதுபவர் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும்.

சீனர் உண்டதும் விற்றதும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இலங்கைக்கு வந்த சீனர் பெரும்பாலும் ஷாண்டோங், ஹூபே மாநிலத்தவர். ஷாண்டோங்கினர் துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊரூராகத் திரிந்து விற்றனர். ஹூபேயினர் பல் கட்டும் தொழிலில் பெயர் பெற்றனர். பின்னர் சிலர் உணவகம் நடத்தினர். கொழும்பில் பரவிய அந்த வழக்கம் கண்டிக்கும் வந்தது. கொட்டுகொடல்ல வீதியின் பிளவர் சோங் போன்ற பெயர்கள் கண்டியினருக்குப் பழக்கமாயின.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷாண்டோங் வடசீனத்துக் கோதுமை நாடு. அங்குள்ள வீட்டுச் சாப்பாடு ஆவியில் அவித்த மாப் பண்டங்களும், கையால் இழுத்த நூடில்ஸும், இறைச்சியும் கோவாவும் பொதிந்து அவித்த கொழுக்கட்டையும்தான். நாம் சீனச் சாப்பாடு என்று அறிந்த பொரித்த சோறு அவர்களுடைய அன்றாட உணவன்று. வாடிக்கையாளர் சோறு கேட்டனர். அவர்கள் சோறு சமைத்தனர். நுவரெலியா, வெலிமடைப் பக்கத்திலிருந்து இறங்கிய கரட்டும் லீக்ஸும் அந்தச் சோற்றில் கலந்தன. காய்ந்த மிளகாய் அரைத்த காரப் பசை பக்கத்தில் வந்தது. இப்படிப் பிறந்த உணவு சீனத்திலும் இல்லை. முன்பு இலங்கையிலும் இருந்ததில்லை.

பன்றிக் கொழுப்பும் மதுவும் காரணமாக அக்கடைகளின் படியேறத் தயங்கிய முஸ்லிம்களின் வீட்டுக்கு அந்த உணவு முஸ்லிம் சமையற்காரரின் கைவழியாகவே வந்தது. பன்றி போயிற்று, கோழியும் மாடும் வந்தன. பெரிய நெருப்பில் தாச்சியை வைத்துக் கிளறும் முறை மட்டும் அப்படியே நின்றது. உருளைக்கிழங்கும் இறைச்சியும் வைத்துச் சுருட்டி, முட்டையில் தோய்த்து, பாண் தூளில் புரட்டிப் பொரிக்கும் றோல்ஸ் அதன் உச்சம். அதை ஒரு சீனரிடம் கொடுத்துச் சீன உணவென்றால் அவர் நம்பமாட்டார்.

ஆயினும் உண்ணும் முறையில் இரு சமூகங்களும் அவ்வளவு தூரத்தில் இல்லை. சோறு ஒருபுறம், அதற்குத் துணையான கறிகள் மறுபுறம் என்று உணவைப் பிரித்து நோக்குவது தென்சீனத்திலும் உண்டு, நம்மிடமும் உண்டு. நடுவில் வைத்த பாத்திரங்களிலிருந்து எல்லோரும் எடுத்து உண்ணும் அவர்களின் வட்ட மேசையையும் ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் நமது சஹனையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கண்டதும் சாப்பிட்டீர்களா என்று கேட்பது இரு மொழிகளிலும் நலம் விசாரிப்பு. சீன முஸ்லிம்கள் ஹலால் உணவைச் ‘சிங்ஜென்’ என்கின்றனர்; தூய்மையும் உண்மையும் என்பது அதன் பொருள். சியான் நகரத்து முஸ்லிம் தெருவில் ரொட்டியைப் பிய்த்து ஆட்டிறைச்சி ஆணத்தில் ஊறவிட்டு உண்கின்றனர். ரொட்டியும் ஆணமும் உண்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அறுபது ஆண்டுகள்

பண்டங்கள் இவ்வாறு குடியேறின. மனிதரின் கதை வேறு. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியதை அறிவோம். அதே சட்டத்தின் கீழ் இங்கு வாழ்ந்த சீனரும் நாடற்றவராயினர். தொகை சிறியது, குரல் அதனினும் சிறியது. இங்கேயே பிறந்து, சிங்களமும் தமிழும் பேசி வளர்ந்த பிள்ளைகள்கூட உரிமையற்றவராக இருந்தனர். அவர்களுக்கெனத் தனிச் சட்டம் 2008இலேயே நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சீனச் சோற்றுக்கு இந்நாட்டில் எவரும் கடவுச்சீட்டுக் கேட்கவில்லை. அதைச் சமைத்தவர் குடியுரிமைக்காக அறுபது ஆண்டுகள் காத்திருந்தார்.

இந்த வரலாறு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். உணவை வைத்து ஒரு சமூகத்தைச் சந்தேகிப்பது எப்படிப்பட்டது என்பதை நாம் பட்டறிந்திருக்கிறோம். 2013இல் ஹலால் இலச்சினைக்கு எதிராகக் கிளம்பிய பிரசாரத்தின் முடிவில் ஜம்இய்யத்துல் உலமா அந்த இலச்சினையைக் கைவிட்டது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் மலட்டு மாத்திரை கலந்ததாகப் பொய் பரப்பப்பட்டு, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாவுக் கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் சொன்னபோது காரியம் கைமீறியிருந்தது. சில நாட்களில், வேறொரு சம்பவத்தைத் தொட்டு, திகனயிலும் தெல்தெனியவிலும் அக்குறணையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் தீ வைக்கப்பட்டது.

இவ்வளவையும் அனுபவித்த நமது வீடுகளில் சீனரின் சாப்பாட்டைப் பற்றிய பகடிகளுக்குக் குறைவில்லை. நாயும் பாம்பும் என்று தொடங்கும் அந்தப் பேச்சு 2020இல் கொரோனாக் காலத்தில் இன்னும் உரத்து ஒலித்தது. ஹராமை ஹராம் என்பது மார்க்கம். ஒரு கோடானுகோடி மக்களின் அடுக்களையை ஒரு கேலிக்குள் அடக்குவது மார்க்கமன்று. பன்றியையும் நாயையும் கண்டு முகம் சுழித்த இப்னு பதூதாகூட அந்நாட்டுக் கோழியையும் பீங்கானையும் நீதியோடு எழுதினார்.

நாட்டுச் சீனரின் முதல் தலைமுறை மறைந்துவிட்டது. அவர்களிடம் துணி வாங்கிய உம்மாக்களும், பல் கட்டிய மூத்தவர்களும், சீனக் கடைக் குசினியில் தொழில் பழகிய சமையற்காரரும் கண்டியையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த ஊர்களில் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்களின் வாயிலிருந்து கேட்டு எழுதப்பட வேண்டியவை பல: எந்த வீதியில் எந்தக் கடை, எந்தப் பண்டத்தை யார் யாரிடம் கற்றார், பெருநாளில் யார் வீட்டுக்கு யார் வட்டிலப்பம் அனுப்பினார் என்பன போன்ற சின்ன விடயங்கள். அறிஞர் சித்தி லெப்பை பிறந்து எழுதிய ஊர் இது. நம்மவர் வரலாற்றைப் பிறர் எழுதவில்லை என்று குறைப்படும் நாம், நம்மிடையே வாழ்ந்த இன்னொரு சிறு கூட்டத்தின் வரலாற்றை எழுதத் தொடங்கலாம். அதற்கு ஓர் அப்பியாசக் கொப்பியும் பொறுமையாகக் கேட்கும் காதும் போதும்.