ராஸியின் ஐயமும் திருவள்ளூர் ஊசியும்

தலையும் கழுத்தும் நாட்கணக்கில் கனத்து வலிக்கின்றன, வெளிச்சத்தைக் கண்டால் கண் கூசுகிறது, உறக்கமில்லை. இக்குறிகளோடு வருகின்றவரை மூளையுறை அழற்சி, அக்கால வழக்கில் 'ஸிர்ஸாம்', நெருங்குகிறது என்பதைத் தேர்ந்த ஹகீம் அறிந்துகொள்வார். அறிந்தபின் என்ன செய்வது? இரத்தத்தை வெளியேற்றுவதா, விட்டுவிடுவதா?

ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைமை ஏற்றிருந்த அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸி (865–925) இக்கேள்வியின் முன் நின்றார். ஜாலீனூஸ் என்னும் யவன மேதை சொன்னதே முடிந்த முடிபு என்று பலரும் கொண்டிருந்த காலம் அது. ராஸியோ ஜாலீனூஸின் மீது தமக்கெழுந்த ஐயங்களுக்கென்றே தனி நூல் எழுதியவர். அவருடைய மறைவுக்குப் பின் மாணாக்கர் தொகுத்த 'அல்-ஹாவீ'யில் ஒரு சிறு குறிப்பு உண்டு. இத்தகைய நோயாளிகளுள் ஒரு சாராருக்கு அவர் இரத்தம் எடுத்தார். மற்றொரு சாராரை வேண்டுமென்றே எடுக்காமல் விட்டார். உண்மையை முடிவுகட்டவே அவ்வாறு செய்ததாகக் குறித்தார். இரத்தம் எடுப்பதே நன்று என்பது அவர் கண்ட முடிவு.

இக்குறிப்பைக் கண்டதும், எல்லாவற்றையும் நம்மவரே முதலில் கண்டனர் என்று மார்தட்டிக்கொள்வது நம் எழுத்தாளர் சிலரின் வழக்கம். சற்றுப் பொறுக்க வேண்டும். ராஸி கண்ட முடிவை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. வழி சரியானது, விடை தவறியது. ஏன்? எவருக்கு எடுப்பது, எவரை விடுவது என்பதைத் தீர்மானித்தது மருத்துவரின் கையே. மெலிந்தவரிடம் இரத்தம் எடுக்கத் தயங்குவது அக்கால மரபு. அவ்வாறாயின் வலுவுள்ளவர் ஒருபுறமும் வலுவற்றவர் மறுபுறமும் சேர்ந்திருக்கக் கூடும்.

இந்த இடைவெளி அடைபட ஆயிரம் ஆண்டுகள் ஆயின. 1948-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில், எந்த நோயாளிக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்கவில்லை. முத்திரையிட்ட உறைக்குள் இருந்த சீட்டு தீர்மானித்தது. ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்தனர்.

உயிர்களின் மீது சீட்டுக் குலுக்குவதா என்று நெஞ்சம் பதறலாம். ஆனால் நம் ஃபிக்ஹு நூல்களில் 'குர்ஆ' என்று ஒன்று உண்டு. உரிமைகள் சமமாக நின்று, ஒன்றை மற்றொன்றினும் மேலானதெனக் காட்ட ஆதாரமில்லாதபோது சீட்டெடுப்பதை அறிஞர் பலர் அனுமதித்தனர். அது சூதாட்டத்தில் சேராது. மருத்துவருக்கும் அளவுகோல் இதுவே. எது நன்மை என்று அறிந்தும் சீட்டிடம் விடுபவர் குற்றவாளி. அறியாமலே அறிந்தவர்போல் கட்டளையிடுபவரும் குற்றத்திலிருந்து தப்பியவரல்லர்.

சென்னையில் இந்த அளவுகோல் கடும் சோதனைக்கு உள்ளாயிற்று. சயரோகத்துக்கு நல்ல உணவும் காற்றும் ஓய்வும் வேண்டும் என்பது நிபுணர்களின் அசையாத நம்பிக்கை. டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் அந்நம்பிக்கையின் சின்னம். இரயில் நிலையம் ஒன்று இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் படுக்கைகளோ சில, நோயாளிகளோ எண்ணற்றோர். 1956-இல் சென்னையில் அமைந்த காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், டாக்டர் வாலஸ் ஃபாக்ஸின் தலைமையில், 193 ஏழை நோயாளிகளைச் சீட்டின்படி பிரித்தது. ஒரு பாதியினர் சானடோரியத்துக்குச் சென்றனர். மறுபாதியினர் நெருக்கடி மிகுந்த தம் வீடுகளிலேயே தங்கினர். இரு சாராருக்கும் ஐசோனியாசிடும் பாஸ் மருந்தும் ஓராண்டு தரப்பட்டன. வீட்டில் இருந்தோர் மருந்தை உண்மையாகவே உட்கொள்கின்றனரா என்றறிய, முன்னறிவிப்பின்றிச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரையும் சோதித்தனர்.

1959-இல் முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தில் 92 விழுக்காட்டினரிடமும் வீட்டில் 86 விழுக்காட்டினரிடமும் நோய் அடங்கியிருந்தது. வீட்டிலிருந்தோர் உண்ட உணவு குறைவு, பெற்ற ஓய்வும் குறைவு என்பதை நினைக்கும்போது இவ்வேறுபாடு சிறிதே. அதனினும் பெரிதாக எனக்குப் படுவது வேறொன்று. வீட்டிலேயே சிகிச்சை பெற்றவரின் மனைவி மக்களுக்கு, மற்றவர் குடும்பங்களைவிட நோய் அதிகம் தொற்றவில்லை. தாயைக் குழந்தையிடமிருந்து ஓராண்டு பிரித்துவைத்த வழக்கத்துக்கு இருந்த பெருங்காரணம் அத்துடன் வலுவிழந்தது. நிபுணர் தம் வாழ்நாள் அனுபவத்துக்கு எதிராக முடிவெடுக்க நேர்ந்தது.

வெற்றி தரும் ஆய்வை ஏற்பது எளிது. தோல்வியைக் காட்டும் ஆய்வு வந்தால்? 1968-இல், அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருவள்ளூர் நகரிலும் 209 ஊராட்சிகளிலும் பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதிக்கும் பெருமுயற்சி தொடங்கியது. இன்று கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையால் பலரும் அறியும் திருவள்ளூர் மாவட்டம் 1997-இல்தான் தனி மாவட்டமாயிற்று. ஏறத்தாழ 2,60,000 பேருக்கு ஊசி இடப்பட்டது. சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெறும் நீர்மம். எவருக்கு எது என்பது இட்டவருக்கும் தெரியாது, இடப்பெற்றவருக்கும் தெரியாது. ஊசியால் காப்பு உண்டு என்றே உலகமெங்கும் எதிர்பார்ப்பு.

1979-இல் வெளியான முதல் அறிக்கை அதைத் தகர்த்தது. நுரையீரல் காசத்திலிருந்து காப்புக் கிட்டியதாகக் காணவில்லை. 1999-இல் வெளியான 15 ஆண்டுக் கணக்கும் பெரியோர்க்குப் பயனில்லை என்றே சொன்னது. சிறுவர்க்குக் கண்ட 27 விழுக்காடும் உறுதிப்பட உரைக்கத்தக்கதன்று. மண்ணிலும் நீரிலும் வாழும் இனக் கிருமிகளோடு இப்பகுதி மக்கள் முன்னரே பழகியிருந்தமை காரணமாகலாம் என்பது நிபுணர் பலரின் கருத்து.

அப்படியாயின் ஊசியை நிறுத்திவிடலாமா? உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 1980-இல் இதனை ஆராய்ந்தது. திருவள்ளூர் விடையளித்தது ஒரு கேள்விக்கு. கைக்குழந்தையின் கேள்வி வேறு. பச்சிளம் பருவத்தில் இட்ட ஊசி, காசக்கிருமி மூளையுறையைத் தாக்குவதையும் உடலெங்கும் பரவுவதையும் தடுக்கிறது என்பதற்குப் பிற ஆய்வுகளில் சான்று உண்டு. ஆகவே குழந்தைகளுக்கு இடுவது தொடர்ந்தது. திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் இன்று பிறக்கும் குழந்தைக்கும் இடது தோளில் அவ்வூசியே இடப்படுகிறது.