தக்கர்: ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயரின் வரலாறு

தக்கர் என்பது இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் தோன்றிய தொழில்வழிக் குடும்பப் பெயர். தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியை ஊறவைத்து, மிதித்து, இறுகச் செய்யும் தொழிலாளியைக் குறித்தது. டெவன், சாமர்செட், கார்ன்வால், டார்செட் ஆகிய மாவட்டங்கள் இதன் தாய்நிலம். ஆங்கில உச்சரிப்புக்கு ‘டக்கர்’ என்பதே நெருக்கம் என்றாலும், திருநெல்வேலிச் சீமையில் நெடுங்காலமாகத் ‘தக்கர்’ என்றே வழங்கி வருவதால் இக்கட்டுரையும் அந்த வடிவத்தையே கொள்கிறது.

நெய்து முடித்த கம்பளித் துணியை உடனே உடுத்த முடியாது. ஆட்டு ரோமத்தின் பிசுக்கும், நூற்கும்போது தடவிய எண்ணெயும் அதில் அப்படியே இருக்கும். இழைகளுக்கு நடுவே இடைவெளி தெரியும். அந்தப் பிசுக்கை எடுக்க நாட்பட்ட சிறுநீரில் துணியை ஊறவைத்தார்கள். சிறுநீர் நாள்படும்போது உண்டாகும் அம்மோனியா எண்ணெயைக் கழற்றிவிடும். எஞ்சியதை உறிஞ்ச ஒருவகைக் களிமண்ணைப் பயன்படுத்தினார்கள்; நம் கடைகளில் முல்தானி மட்டி என்று விற்கும் மண்ணும் அந்த வகைதான். பிறகு துணியைத் தொட்டியில் இட்டு மணிக்கணக்கில் காலால் மிதிப்பார்கள். ஈரமும் அழுத்தமும் சேரும்போது ரோம இழைகளின் செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்; துணி நீள அகலத்தில் சுருங்கித் தடித்து, குளிர்காற்று எளிதில் புகாதபடி இறுகும். கடைசியில் வெட்டவெளியில் மரச்சட்டங்களில் கொக்கிகளால் இழுத்து மாட்டிக் காயவைப்பார்கள். நாற்றமும் உடல்வலியும் மிகுந்த வேலை. இடைக்கால இங்கிலாந்தின் செல்வத்துக்கு ஆதாரமான கம்பளி வணிகத்தைப் பற்றி நூல்கள் ஏராளம். அவற்றில் வணிகர் பெயர்களும் ஏராளம். மிதித்தவர்களின் நினைவை இன்றுவரை காப்பாற்றி வைத்திருப்பவை குடும்பப் பெயர்களே.

பழைய ஆங்கிலத்தில் ‘தூகியன்’ என்றொரு வினைச்சொல் இருந்தது. வதைத்தல், துன்புறுத்தல் என்பது அதன் பொருள். இடைக்கால ஆங்கிலத்தில் அது ‘டக்’ எனச் சுருங்கி, துணியை வதைக்கும் இந்தத் தொழிலுக்கு உரியதாயிற்று. துணியை மடித்துச் செருகுவது என்ற இன்றைய பொருள் பிற்காலத்தது. ஆகவே தக்கர் என்றால் மடிப்புத் தைப்பவர் என்று கொள்வது சரியல்ல.

இதே தொழிலுக்கு இங்கிலாந்தில் வட்டாரத்துக்கு ஒரு பெயர் இருந்தது என்பதுதான் இந்தப் பெயர் வரலாற்றில் மிகச் சுவையான பகுதி. தென்கிழக்கில் ஃபுல்லர், இது லத்தீனிலிருந்து வந்த சொல். வடக்கிலும் நடுநாட்டிலும் வாக்கர். உருட்டுதல், புரட்டுதல் என்ற பொருளுடைய பழைய வினையிலிருந்து பிறந்தது. தென்மேற்கில் தக்கர். 14-ஆம் நூற்றாண்டில் விக்ளிஃப் வழிவந்த ஆங்கில வேதாகமம், மாற்கு நற்செய்தியில் இத்தொழிலாளியைச் சொல்ல நேர்ந்த இடத்தில் ஃபுல்லர், வாக்கர் என்ற இரண்டையும் சேர்த்தே எழுதியது. தொழில் மறைந்த பின்னும் அந்த எல்லைகள் அழியவில்லை. 1881-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின் பெயர்களை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் தக்கர்கள் டெவனிலும் அதன் அண்டை மாவட்டங்களிலும் செறிந்து நிற்கிறார்கள். நிலக்கரிச் சுரங்க வேலை தேடிக் கடல் தாண்டிப் போனவர்களால் தெற்கு வேல்ஸிலும் ஒரு கூட்டம் தெரிகிறது. எண்ணிக்கையில் வாக்கர் மற்ற இரண்டையும் வெகுவாக விஞ்சிவிட்டது. ஸ்காட்லாந்தில் இதே தொழிலைக் குறித்த கேலிக் பெயர்கள்கூட வாக்கர் என்று ஆங்கிலமாக்கப்பட்டதும் அதற்கு ஒரு காரணம்.

ஒலி ஒத்தால் உறவு என்று முடிவு கட்டக்கூடாது. 1783-இல் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிய கர்னல் ஃபுல்லர்ட்டனின் பெயர் ஃபுல்லரிலிருந்து வந்ததல்ல. பறவை பிடிப்போர் வாழ்ந்த ஊர் என்ற பொருளுடைய ஸ்காட்லாந்து இடப்பெயர் அது.

1066-இல் நார்மானியர் வந்த பிறகு நிலவுடைமைக் குடும்பங்களில்தான் பரம்பரைப் பெயர் முதலில் வேரூன்றியது. எளிய மக்களுக்கு அது 13, 14-ஆம் நூற்றாண்டுகளில், வரிப்பதிவுகள் பெருகிய காலத்தில் நிலைத்தது. தொடக்கத்தில் வில்லியம் என்ற தக்கர் என்று எழுதினால் அவர் உண்மையிலேயே துணி மிதிப்பவர். அவர் மகன் ஏர் பிடித்தாலும் தக்கர் என்றே எழுதப்பட்டபோது அது குடும்பப் பெயராகிவிட்டது.

அந்தக் காலத்துக்குள் மனிதக் கால்களின் வேலையை ஆற்றுநீர் எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. நீர்ச்சக்கரம் சுழல, மரச் சம்மட்டிகள் எழும்பித் தொட்டித் துணியின் மேல் விழும் ஆலைகள் 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் தோன்றின. 1185-இல் கோயில் வீரர்கள் எனப்பட்ட சமயப் படையினர் தம் சொத்துகளைக் கணக்கெடுத்தபோது இத்தகைய ஆலைகளையும் குறித்தார்கள். வரலாற்றறிஞர் கேரஸ்-வில்சன் 1941-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதை 13-ஆம் நூற்றாண்டின் தொழிற்புரட்சி என்றார். அது மிகைக்கூற்று என்று பின்வந்தோர் மறுத்தார்கள். மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் காலால் மிதிப்பது குறையத் தொடங்கிய காலத்தில்தான் அதைச் செய்தவர்களின் பெயர் சந்ததிகளுக்கு நிலைத்தது என்பதை அவர் காட்டிய சான்றுகள் உணர்த்துகின்றன. கார்ன்வாலில் கேம்போர்ன் அருகே உள்ள டக்கிங்மில், பாத் நகரருகே நிலவியலறிஞர் வில்லியம் ஸ்மித் வாழ்ந்த டக்கிங் மில் ஆகியவை அந்த ஆலைகளால் பெயர் பெற்ற ஊர்கள்.

தக்கர்களின் தலைநகர் என்று சொல்லத்தக்கது டெவனின் எக்ஸிட்டர். நெசவாளர், துணி மிதிப்போர், துணி கத்தரிப்போர் மூவரும் சேர்ந்த சங்கம் அங்கே 1471-இல் கட்டிய தக்கர்ஸ் ஹால் இன்றும் நிற்கிறது. 1698-இல் அந்நகருக்குக் குதிரையில் வந்த ஆங்கிலப் பயணி சீலியா ஃபியன்ஸ், துணி ஆலைக்குப் போவதையும் சாயம் ஏறுவதையும் கட்டம் கட்டமாகப் பார்த்து எழுதி வைத்தார். 18-ஆம் நூற்றாண்டில் டெவன் கம்பளித் துணியைக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிச் சீனாவுக்கு அனுப்பியது. யார்க்‌ஷயரின் போட்டியும் நெப்போலியன் காலப் போர்களும் சேர்ந்து அந்தத் தொழிலை ஒடுக்கின.

எல்லாத் தக்கர்களும் டெவன் வழியினர் அல்லர். அயர்லாந்தின் கேலிக் பெயர் ஒன்று ஆங்கிலத்தில் தக்கர் ஆனதுண்டு. துணி என்று பொருள்படும் இத்திஷ் சொல்லிலிருந்து யூதர்களிடையே தனியாக ஒரு தக்கர் பிறந்தது. அமெரிக்கப் பாடகி சோஃபி தக்கர் யூதரே ஆனாலும் அவர் பெயர் அந்த வழியிலும் வந்ததல்ல; கணவரின் ‘டக்’ என்ற பெயரை அவரே நீட்டிக்கொண்டார்.

கடல் கடந்த தக்கர்களில் டேனியல் தக்கர் 1616-இல் பெர்முடாவின் ஆளுநரானார். வர்ஜீனியாவில் கேப்டன் வில்லியம் தக்கரின் வீட்டில் அந்தோணி, இசபெல்லா என்ற ஆப்பிரிக்கர் இருவரும் ஞானஸ்நானம் பெற்ற அவர்களின் குழந்தை வில்லியமும் இருந்ததாக 1624-25 கணக்கெடுப்பு சொல்கிறது. ஆங்கிலேய அமெரிக்காவில் பதிவான முதல் ஆப்பிரிக்கக் குழந்தைகளில் ஒருவன் அவன். ஹாம்ப்டனில் வாழும் கறுப்பினத் தக்கர் குடும்பத்தார் அவனைத் தங்கள் முன்னோனாகப் போற்றுகிறார்கள். எஜமானின் பெயரே அடிமைப்பட்டவர்களின் பெயராகவும் ஆன வழி இதில் தெளிவாகத் தெரிகிறது; அமெரிக்காவில் இப்பெயரின் பரவலை இதை விட்டுவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. பெர்முடாவில் பிறந்த சட்ட அறிஞர் செயின்ட் ஜார்ஜ் தக்கர், 1796-இல் வர்ஜீனியாவில் அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கத் திட்டம் எழுதினார். சட்டசபை அதை ஏற்கவில்லை. இன்று அமெரிக்காவின் முதல் 200 குடும்பப் பெயர்களுக்குள் தக்கர் இடம்பெறுகிறது. அங்கே அது ஆண்பிள்ளைகளுக்கு முதற்பெயராகவும் இடப்படுகிறது. ‘கைதிகளின் இக்கட்டு’ என்ற புதிருக்குப் பெயர் தந்த கணிதமேதை ஆல்பர்ட் தக்கரும் இப்பெயருடையவரே.

இந்தியாவோடு இப்பெயருக்குள்ள தொடர்பு ஆழமானது. ஹென்றி செயின்ட் ஜார்ஜ் தக்கர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவராக இருந்தவர். அவர் மகள் ஷார்லட், குழந்தைகளுக்கு எழுதிப் புகழ்பெற்று, 1875-இல் பஞ்சாபுக்கு வந்து இறுதிவரை அங்கேயே ஊழியம் செய்தார். 1882-இல் இரட்சணிய சேனையை இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஃபிரடெரிக் தக்கர், அதன் நிறுவனரின் மகள் எம்மா பூத்தை மணந்தபின் பூத்-தக்கர் ஆனார். சென்னையில் பலர் அறிந்த தக்கர் பாபா வித்யாலயாவின் தக்கர் மட்டும் குஜராத்திப் பெயர். இந்த ஆங்கிலப் பெயரோடு அதற்கு எந்த உறவும் இல்லை.

தமிழர் நாவில் இப்பெயரை நிலைநிறுத்தியவர் சாராள் தக்கர். அவருடைய அண்ணன் ஜான் தக்கர் சென்னையில் சி.எம்.எஸ். மிஷனரி சங்கச் செயலாளராக இருந்தார். சாராள் இந்திய மண்ணை மிதித்ததே இல்லை. இங்கிலாந்தில் இருந்தபடியே திருநெல்வேலிப் பெண்களின் படிப்புக்காகப் பணம் திரட்டினார். அவர் நினைவாகப் பெயரிடப்பட்ட பாளையங்கோட்டை நிறுவனம் 1895-இல் கல்லூரியாக உயர்ந்தது. அவர் எழுதிய தென்னிந்திய மிஷனரிக் குறிப்புகள் 1840-களின் தொடக்கத்தில் லண்டனில் அச்சாயின. அக்காலத் தென்னிந்தியத் திருச்சபைகளை அறிய உதவும் நூல் அது; நெல்லை வரலாற்றில் ஆர்வமுள்ளோர் தேடிப் படிக்க வேண்டும்.