புதுவை இரத்தினதுரை: முற்றுப்பெறாத வரலாறு

புலவர் வரலாறு எழுதுவோர் 'மறைந்தார்' என்னும் வினைமுற்றால் முடிப்பது வழக்கம். ஈழத்துக் கவிஞர் புதுவை இரத்தினதுரையின் வரலாற்றை அவ்வாறு முடித்தல் இயலாது.

இவர் பெயரிலுள்ள புதுவை புதுச்சேரியன்று, யாழ்ப்பாணத்துப் புத்தூர். 1948இல் பிறந்த இவர் சிற்பக் கலைஞருமாவார். இடதுசாரிச் சார்புடன் எழுதத் தொடங்கினார்; 'வானம் சிவக்கிறது' என்னும் தொகுதி 1970இல் வெளிவந்தது. பின்னர் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இணைந்து, அதன் கலை பண்பாட்டுக் கழகப் பொறுப்பாளரானார். இவரை நூல்வழி அறிந்தோரினும் ஒலிநாடாவழி அறிந்தோரே பலர். போர்ப்பாடல்களோடு நல்லூர் முருகன்மீது பக்திப் பாடல்களும் இயற்றினார். மாவீரர் நாளில் துயிலும் இல்லங்களில் வர்ண இராமேஸ்வரன் குரலில் ஒலித்த பாடல் இவர் எழுதியதே.

2009 மே 18ஆம் நாள் முல்லைத்தீவு வட்டுவாகலில், அருட்தந்தை பிரான்சிஸ் யோசப்புடன் இராணுவத்திடம் சரணடைந்தோருள் இவரும் ஒருவர் என்பது கண்டோர் கூற்று. அருட்தந்தையும் திரும்பவில்லை, கவிஞரும் திரும்பவில்லை.

ஈண்டு இலக்கணம் ஒன்று நோக்கத்தக்கது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி இலங்கை அரசு நிறுவிய அலுவலகத்தின் பெயர் 'காணாமற்போன ஆட்கள்' என்கிறது. போதல் தன்வினை, போனவரே அதற்கு வினைமுதல். உறவினரோ 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்கின்றனர். இது செயப்பாட்டுவினை; ஆக்கியவர் யார் என்னும் வினா இதனுள் அடங்கியுள்ளது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தொடங்கிய தொடர்போராட்டம் எழுப்பியதும் அவ்வினாவே.

1874இல் மேட்டுக்குப்பத்தில் திருக்காப்பிட்டுக்கொண்ட வள்ளலாரைச் 'சோதியிற் கலந்தார்' என்று நம் மரபு போற்றும். அவர் தாமே கதவடைத்தவர். பிறர் கொண்டுசென்றவர்க்கு அத்தகு சொற்களைச் சூட்டுவது, நடந்ததை மூடுவதாகும்.

இவ்விலக்கணம் ஒருபாற் கோடலாகாது. 'தோழி' இதழை நடத்திய கவிஞர் செல்வி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நாடக மாணவி. 1991இல் அவரைக் கொண்டுசென்றவர்கள் புதுவை சார்ந்திருந்த அவ்வியக்கத்தினரே. அவரும் மீளவில்லை. புதுவைக்காகக் கேட்கும் வாய் செல்விக்காகவும் கேட்டல் வேண்டும். இல்லையேல் நாம் கேட்பது நீதியன்று, கட்சியே.

அசோக் நகரில் கூடும் நம் வட்டத்தார் இவ்விருவரையும் பற்றி எழுதுங்கால், இரங்கற்பா பாடி முடித்துவிடுதல் எளிது. எனினும், விடை வரும்வரை பிறந்த ஆண்டுக்கு எதிரே உள்ள இடம் வெற்றிடமாகவே நிற்கட்டும்.