ஊரின் பெயரைப் போட்டது நான்

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தைப் பல தடவை படம் எடுத்திருக்கிறேன். ஒருநாள், மகனின் படத்தை நெஞ்சோடு பிடித்திருந்த தாயொருவரை அவருடைய பெயர், ஊர், இளைய மகன் வேலை செய்யும் கடை எல்லாம் எழுதி முகநூலில் போட்டேன். பத்திரிகைக்கு அனுப்பியிருந்தால் யாராவது ஒரு ஆசிரியர் கேள்வி கேட்டிருப்பார். முகநூலில் கேட்க ஆளில்லை. பதிவு பரவியது, எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

அடுத்த கிழமை சிவில் உடையில் இருவர் அந்தக் கடைக்குப் போயிருக்கிறார்கள். மாதம் முடிய முதல் பெடியனுக்கு வேலை இல்லை.

மன்னிப்புக் கேட்கப் போனேன். அம்மா தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னார்: "நீங்கள் எழுதினது பொய்யில்லைத் தம்பி. ஆனா கடையின்ர பேரைப் போட முதல் என்னட்ட ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

பந்தலில் இருப்பது அவர் எடுத்த முடிவு. மகனை அதற்குள் இழுத்தது என் முடிவு.

பேசும் உரிமை நமக்கு இல்லாமல் இல்லை. 1978 அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை அதைத் தருகிறது. 15 ஆவது உறுப்புரை இன, மத நல்லிணக்கம், அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு போன்ற காரணங்களுக்காக மட்டுப்படுத்துகிறது. அதற்கப்பால் 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கிறது. முகநூல் பதிவுகளுக்காகவே தமிழ் இளைஞர்கள் அதன் கீழ் கைதானார்கள். 2024 பெப்ரவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்து சேர்ந்தது.

சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தின் கதை இன்னும் விசித்திரமானது. 2007 இல் வந்த அதன் 3 ஆவது பிரிவு, வெறுப்பைத் தூண்டுவோரைத் தண்டிக்க எழுதப்பட்டது. அந்தச் சட்டம் எழுதப்பட்டபடி, பிணை கொடுக்க மேல் நீதிமன்றத்தால் மட்டுமே முடிந்தது. 2020 ஏப்ரலில் ரம்சி ராசிக், வெறுப்புக்கு எதிராகப் பேனாவாலும் விசைப்பலகையாலும் போராட வேண்டும் என்று எழுதியதற்காகக் கைதாகி ஐந்து மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில்தான் சொன்னது.

இதனால் பொறுப்பு என்ற சொல்லையே நம்மவர்கள் சந்தேகிக்கிறார்கள். அரசு சொல்லும்போது நானும் சந்தேகிப்பேன். ஆனால் 2018 பெப்ரவரியில் அம்பாறைச் சாப்பாட்டுக் கடையொன்றில் எடுத்த காணொளியை மறக்க முடியவில்லை. கறியில் மலட்டுத்தன்மை மாத்திரை என்ற கதை. சிங்களம் சரியாகத் தெரியாத காசாளரை மிரட்டித் தலையாட்ட வைத்திருந்தார்கள். பரிசோதனையில் அது மாவுக்கட்டி. அதற்குள் பள்ளிவாசல் தாக்கப்பட்டிருந்தது. சில நாளில் திகனவும் எரிந்தது. பகிர்ந்த ஒவ்வொருவரும் ஒரு தடவைதான் விரலால் தொட்டிருப்பார்கள்.

புலம்பெயர் உறவுகளிடமும் ஒன்று கேட்கவேண்டும். கார்த்திகையில் ஒரு படத்தைப் போட்டு ஊரிலிருக்கும் மச்சானையும் அதில் இணைத்துவிடுகிறீர்கள். கனடாவில் யாரும் உங்கள் கதவைத் தட்டப்போவதில்லை. விசாரணைக்குப் போவது மச்சான்.

இறுதிப் போரின் சடலப் படங்களை நான் இப்போது பகிர்வதில்லை. அவை சாட்சியங்கள்தான். ஆனால் பிள்ளை உயிரோடு இருப்பதாக நம்பும் தாயொருவர் அந்த முகத்தை முதலில் கைதொலைபேசியில் பார்க்கக்கூடாது.

அந்த அம்மாவின் பதிவை அன்றிரவே அழித்தேன். வேறு பக்கங்கள் எடுத்துப் போட்ட பிரதிகளில் ஊரின் பெயரும் கடையின் பெயரும் இன்னும் இருக்கின்றன.