பெயரும் பெயரனும்

பாட்டனின் பெயரைத் தாங்குபவன் ஆதலின் ‘பெயரன்’ என்றனர். அதுவே பேச்சில் ‘பேரன்’ ஆயிற்று. பிறர்க்குப் பெருமை தந்த இம்மரபு நமக்குச் சிக்கலாகவே இருந்தது. பாட்டனின் பெயர் மண்ணாங்கட்டி என்றிருப்பின் பெயரன் என்செய்வான்?

சூத்திரனின் பெயர் இழிவு தோன்ற அமையவேண்டும் என்கிறது மனுநூலின் இரண்டாம் அத்தியாயம். வருணங்களுக்குப் புறத்தே நிறுத்தப்பட்டவரைப் பற்றி அவ்விடத்தில் பேச்சே இல்லை. அக்குறையை ஊர் தீர்த்து வைத்தது! ஆண்டை வீட்டுப் பெயரை நம் குழந்தைக்கு இட்டால் அது திமிர் எனப்பட்டது. எழுபது வயது முதியவரையும் சிறுவர்கள் ‘அடே’ என்றே விளித்தனர்.

ஆயினும் ஒன்றை நேர்மையாகக் கூறவேண்டும். குப்பை, பிச்சை போன்ற பெயர்கள் அனைத்தும் பிறர் சுமத்தியவை அல்ல. முன் பிறந்தவை இறந்துபட, அடுத்த பிள்ளையேனும் எமன் கண்ணில் படாதிருக்கட்டும் எனத் தாய்மார் இட்டவையும் அவற்றுள் உண்டு. இவ்வழக்கம் பிற சாதியாரிடமும் இருந்தது. கருப்பன், காத்தான் என்பனவோ நாம் வணங்கிய தெய்வங்களின் பெயர்கள்.

அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) இயற்பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி தந்த ஆசிரியரின் பெயரையே அவர் தம் பெயராக ஏற்றார். இரட்டைமலை சீனிவாசனாரோ வேறு வழி சென்றார். பிறர் இகழ்ந்துரைத்த ‘பறையன்’ என்னும் பெயரையே 1893இல் தம் இதழுக்குச் சூட்டினார். எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922இல் சென்னை அரசு தன் ஆவணங்களில் ‘ஆதிதிராவிடர்’ என எழுத ஆணையிட்டது. நம் புதுக்கோட்டை அன்று தொண்டைமான் சமஸ்தானம்; 1948 மார்ச் 3இல்தான் சென்னை மாகாணத்தோடு இணைந்தது.

1991இல் அண்ணல் அம்பேத்கரின் நூற்றாண்டு நிறைவுற்றது. அதனையொட்டிப் பிறந்த பிள்ளைகள் பலர் அவர் பெயரையே பெற்றனர். எம் வகுப்பு ஒன்றில் மூன்று அம்பேத்கர்கள் இருந்தனர். முன்னெழுத்தைக் கொண்டே பிரித்தறிந்தோம். இன்றோ எவர்க்கும் இல்லாத பெயரைத் தேடி அலைகின்றனர். அப்பெயர் பாட்டியின் நாவில் நுழைவதில்லை. பிறப்புச் சான்றில் ஒருவிதமாகவும் பள்ளிப் பதிவேட்டில் வேறுவிதமாகவும் ஏறிவிடுகிறது. பின்னர் அரசிதழில் திருத்தம் வெளியிட அலைபவர்கள் இளைஞர்களே.

சென்ற சேர்க்கையின்போது நம்மவர் ஒருவர் மகளோடு வந்தார். தம் பெயர் பிச்சை என்பதால் மகளுக்கு ‘பி’ என்னும் முன்னெழுத்து வேண்டாம் என்றார். தாயின் பெயரெழுத்தை இடவும் விதி உண்டு என்றோம். இப்பெயர் எவ்வாறு வந்தது என்றும் வினவினோம். தமக்கு முன் பிறந்த மூவர் இறந்ததைக் கூறியவர், சற்று நேரம் பேசாதிருந்தார்.

“‘பி’ என்றே எழுதுங்கள், ஐயா” என்றார்.