தேநீர்க் கடைக்காரர்களின் கணினி

தரவும் செயற்கை நுண்ணறிவும் வணிகத்தை மாற்றிவரும் வரலாற்றை எழுதுவோர் பலர் கலிபோர்னியாவின் மென்பொருள் நிறுவனங்களிலிருந்தே தொடங்குகின்றனர். ஆயினும் அன்றாட அலுவலக வேலையை முதன்முதலில் மின்னணுக் கணினியிடம் ஒப்படைத்த நிறுவனமாகப் பொதுவாக ஏற்கப்படுவது, லண்டனில் ரொட்டியும் கேக்கும் தேநீரும் விற்றுவந்த ஜே. லயன்ஸ் அண்டு கம்பெனியே ஆகும். 1894இல் பிக்காடிலியில் முதல் தேநீர்க் கடையைத் திறந்த அந்நிறுவனம் பின்னர் இருநூற்றுக்கும் மேற்பட்ட கடைகளாகப் பெருகியது. ஒரு கோப்பைத் தேநீரில் கிடைக்கும் இலாபம் மிகச் சிறிதாகவும், எழுத வேண்டிய கணக்குகள் மலையளவாகவும் இருந்தமையால், கணக்கெழுதும் செலவே இலாபத்தை விழுங்கிவிடும் நிலை அங்கு எப்போதும் இருந்தது.

இச்சிக்கலைத் தீர்க்கவே, கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற ஜான் சிம்மன்ஸ் 1923இல் பணியமர்த்தப்பட்டார். அலுவலக வேலை எவ்வாறு நடக்கிறது, எந்தப் படிவம் யாரிடம் ஏன் செல்கிறது என்பதை ஆராய்வதற்கென்றே அங்கு ஒரு தனிப் பிரிவு உருவாயிற்று. கணினி என்ற பொருளே இல்லாத காலத்தில் நடந்த இந்த ஒழுங்குபடுத்தல்தான் பின்னர் வந்த மாற்றத்தின் உண்மையான அடித்தளம் எனலாம்.

1947இல் அமெரிக்க அலுவலக முறைகளைக் காணச் சென்ற லயன்ஸ் அதிகாரிகள் இருவர், தாங்கள் தேடிய கருவி தம் நாட்டிலேயே, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸின் மேற்பார்வையில், உருவாகிவருவதைப் பிரின்ஸ்டனில் கேட்டறிந்தனர். லயன்ஸ் அம்முயற்சிக்கு 3,000 பவுண்டு நன்கொடையும் ஓர் உதவியாளரையும் அளித்தது. எட்சாக் எனப்பட்ட அக்கணினி 1949 மே மாதம் இயங்கத் தொடங்கியதும், அதன் வடிவத்தைப் பின்பற்றி லயன்ஸ் தனக்கென ஒன்றைக் கட்டிக்கொண்டது. லியோ எனப் பெயரிடப்பட்ட அதில் ஏறத்தாழ 6,000 மின்னணு வால்வுகள் இருந்தன. பாதரசம் நிரப்பிய குழாய்களில் ஒலித்துடிப்புகளாக ஓடிக்கொண்டிருந்த எண்களே அதன் நினைவகம். 1951 நவம்பர் முதல் பேக்கரி உற்பத்தியின் மதிப்பை அது வாரந்தோறும் கணக்கிட்டது. ஓர் ஊழியரின் சம்பளத்தைக் கணக்கிட எழுத்தருக்குச் சுமார் எட்டு நிமிடம் பிடித்த இடத்தில், லியோவுக்கு ஒன்றரை நொடி போதுமாயிற்று.

எனினும், சம்பளக் கணக்கைக் காட்டிலும் 1954இல் தொடங்கிய தேநீர்க் கடை விநியோகக் கணக்கே இன்றைய வணிகத்துக்கு நெருக்கமானது. வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு கடைக்கும் ஒரு நிலையான தேவைப்பட்டியல் வகுக்கப்பட்டது. மறுநாளைக்கு அதில் கூட்டவோ குறைக்கவோ வேண்டியவற்றை மட்டும் கடைப் பொறுப்பாளரான பெண் தொலைபேசியில் சொல்ல, கேட்பவர் அதை அப்போதே துளையட்டையில், அதாவது துளைகளின் இடத்தால் எண்ணைக் குறிக்கும் தடித்த அட்டையில், பதிந்தார். எத்தனை பன் எந்த வண்டியில் போக வேண்டும் என்பது வரை இயந்திரம் அச்சிட்டுத் தந்தது. ஆனால் நாளை மழை பெய்யுமா, எதிர்த் தெருவில் கூட்டம் கூடுமா என்பதை நினைத்து எண்ணைத் திருத்தியவர் அந்தப் பெண்தான். லியோ கூட்டிப் பெருக்கியதே தவிர எதையும் ஊகிக்கவில்லை.

இன்று பெரிய அங்காடிகள் பலவற்றில் அந்த ஊகமே இயந்திரத்துக்கு மாறியிருக்கிறது. இயந்திரக் கற்றல், அதாவது விதிகளை மனிதர் எழுதித் தராமல் பழைய பதிவுகளிலிருந்து இயந்திரமே போக்குகளைக் கண்டறியும் முறை, பழைய விற்பனையையும் வானிலையையும் விடுமுறைகளையும் சேர்த்துப் பார்த்து நாளைய தேவையை மதிப்பிடுகிறது. வேகத்தைவிட இதுவே பெரிய மாற்றம். லியோவின் ஒவ்வொரு படியையும் ஒரு கணக்கர் தாளில் போட்டுச் சரிபார்த்திருக்க முடியும். இன்றைய இயந்திரக் கற்றல் மாதிரி ஓர் எண்ணை ஏன் தந்தது என்பதை அதை உருவாக்கியவர்களே விளக்கத் தடுமாறுவதுண்டு. 2020இல் பெருந்தொற்று மக்களின் வாங்கும் வழக்கத்தைத் தலைகீழாக்கியபோது, பழைய பதிவுகளை நம்பிய இத்தகைய மதிப்பீடுகள் பல பயனற்றுப் போயின. அத்தகைய நாளில் ஒரு கடைக்காரரிடம் கேட்டிருந்தால் சரியான விடை கிடைத்திருக்கும் என்பதல்ல. ஆனால் தன் கணக்கு தவறியதை அவர் அன்று மாலையே அறிந்திருப்பார்.

முன்னோடியாக இருந்தும், கணினி தயாரிப்பில் லயன்ஸ் நெடுநாள் நிலைக்கவில்லை. 1954இல் அதற்கெனத் தொடங்கிய துணை நிறுவனம் 1963இல் இங்கிலீஷ் எலக்ட்ரிக்கின் கணினிப் பிரிவுடன் இணைந்தது. பிரிட்டனில் தொலைபேசிக் கட்டணப் பட்டியல்களைத் தயாரித்துவந்த கடைசி லியோ இயந்திரங்கள் 1981இல் நிறுத்தப்பட்டன.